கல்லுக்குச் சல்லி எங்கால?

முதலில், அந்தத் தேர்தல் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். வேட்பாளர் ஹாஜியார். அவருக்கு மைக் பிடிக்கும் அமைப்பாளர் – ஹாஜியாரின் மச்சான். டிப்பர் ஓட்டும் ஜவ்பர். வீட்டுக்காரி சபியா ராத்தா. கைப்பிள்ளையோடு அவருடைய மகள். ஊர்ச்சனம் முப்பது பேரளவில். கடைசியாக நான் – நாற்காலி வாடகைக்கு விடும் கதிரைக்காரன்.

இடம் பாலமுனையில், சபியா ராத்தாவின் கடற்கரை வீட்டு வளவு. போன மாதம், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு.

கதிரை வாடகைக்குக் கொடுப்பவனுக்கு ஒரு வசதி. எல்லாக் கட்சிக் கூட்டமும் கேட்கலாம்... கேட்காமல் போகவும் முடியாது. முடியும் வரை நின்றுதானே கதிரையை ஏற்ற வேண்டும்?

அன்று காலை அமைப்பாளர் அரை மணித்தியாலம் போனில் பேரம் பேசினார்.

"காக்கா, கதிரைக்கு அஞ்சு ரூவா குறைங்க. நாங்க கணக்குப் பாத்துத்தான் செலவழிக்கிற."

குறைத்தேன்.

பின்னேரம் அதே ஆட்கள் கடலோரம் ஊர் நீளத்துக்கும் கல்லணை கட்டுவோம் என்றார்கள். கடலரிப்பு அதோடு முடிந்ததாம். நல்ல கைதட்டல்.

ஜவ்பர் எழும்பினான். கல் ஏற்றுகிறவன். ஒரு லோட் என்ன விலை என்று தெரிந்தவன். காசு எங்கிருந்து என்றுதான் கேட்டான்.

"ஹாஜியார், கல்லுக்குச் சல்லி எங்கால?"

"களவ நிப்பாட்டினாச் சல்லி தானா வரும், தம்பி."

"எவ்வளவு களவு போகுது? அது எத்தின லோட் கல்லுக்குக் காணும்?"

"வெளிநாட்டாக்களும் தருவாங்க."

"எந்த நாடு, ஹாஜியார்?"

அமைப்பாளர் மைக்கிலேயே சிரித்தார். "இவன் கூட்டத்துக்கு வந்தானா, கணக்குப் பாக்க வந்தானா? டேய், அணை கட்டினா உனக்குத்தானடா டிப்பர் ஹயர்!"

சனம் சிரித்தது. ஜவ்பர் கதிரையில் இருந்துவிட்டான். நானும் சிரித்தேன்.

ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் மனைவி கேட்கும் முதல் கேள்வி, சல்லி எங்கால என்பதுதான். களவை நிப்பாட்டி வாங்குவேன் என்றால் விடுவாளா? கூட்டத்தில் மட்டும் ஏன் கை தட்டுகிறோம்? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். கேட்டால் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்.

பிறகு சபியா ராத்தா எழும்பினார். புருஷன் மவுத்தாகிப் பல வருடம். இருப்பது அந்த வீடு ஒன்றுதான். அதையும் மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டார். வேறு ஒரு துண்டு நிலம் இல்லை.

"மகன், சல்லி எங்கால வந்தாலும் வரட்டும். கல்லு மாரிக்கு முந்தி வருமா? அத மட்டும் செல்லுங்க."

ஹாஜியார் வாயைத் திறந்தார். மச்சான் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"மஃரிபுக்கு நேரமாகுது... ஸலவாத்தோட முடிப்பம்."

நபி மேல் ஸலவாத்துச் சொன்னால் கூட்டம் முடிந்தது. அதற்கு மேல் யார் கதைப்பது? எல்லோரும் சொன்னோம். ராத்தாவும் சொன்னார், நின்றபடியே.

சூரியன் விழுந்தால்தான் மஃரிப். அதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

கதிரை அடுக்கும்போது ராத்தா பக்கத்தில் வந்தார்.

"தம்பி, போன எலக்சனுக்கு வாசலுக்கும் கடலுக்கும் நடுவுல எத்தின வரிச போட்டீங்க?"

"பத்து."

"இண்டைக்கு?"

"நாலு, ராத்தா."

அவர் கடல் பக்கம் பார்க்கவில்லை. ஒரு கதிரையைத் தூக்கி என் கையில் தந்தார்.

முந்தாநாள் இன்னொரு வேட்பாளரின் ஆள் போன் எடுத்தார். அதே வளவாம். எண்பது கதிரையாம். கல்லணை பற்றித்தான் பேச்சாம். கதிரைக்கு அஞ்சு ரூபாய் குறைக்கட்டாம்.

மாரி தொடங்கிவிட்டது. இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனேன். ராத்தாவும் மகளும் வாசல்படியில் நின்றார்கள். வாசலில் இருந்து தண்ணீர் வரைக்கும் கதிரையை வைத்துப் பார்த்தேன்.

ஒரு வரிசை.