பாசிக் காகிதத்தில் பத்திரிகை

மரத்தை வெட்டாமல் காகிதம் செய்துகாட்டுகிறேன் என்று நான் கிளம்பியது பணி ஓய்வு பெற்ற மறுமாதம். முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் சும்மா இருப்பானா? ஜீயபுரம் வாய்க்காலில் இழை இழையாக மிதக்கும் பாசியை வாளியில் அள்ளி வந்து, சலவை சோடா போட்டு வேகவைத்து, அலசி, கிரைண்டரில் கூழாக அரைத்து, சல்லடையில் பரப்பி மாடியில் காயவைத்தேன். திருவானைக்காவலில் எங்கள் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. தாள் கிழியாமலிருக்கப் பழைய நோட்டுக் காகிதமும் கொஞ்சம் ஊறப்போட்டுச் சேர்த்தேன். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"இனிமே இந்த கிரைண்டர்ல இட்லிக்கு எவ அரைப்பா?" என்று மனைவி புதுசு வாங்கிக்கொண்டாள்.

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "பத்திரிகை அப்பா பேப்பர்லதான்" என்றாள் அவள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இளம்பச்சையில் ஐம்பது பத்திரிகை அச்சாகி வந்தன. பார்ப்பதற்கு ஸ்ரீரங்கத்திலிருந்து சம்பந்தி அம்மாள் வந்தார். நிச்சயதார்த்தத்தில் விளக்கு அணைந்ததற்கே கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவர். அன்று என் பெண் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

மனைவி குழைத்த மஞ்சளை முதல் பத்திரிகையின் மூலைகளில் தொட்டு வைத்தாள். வைத்த மஞ்சள் கண்ணெதிரே சிவந்தது.

"ஐயையோ, என்னங்க இது!" அவள் மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சமையலறை வாசலில் கேசரித் தட்டோடு பெண் அசையாமல் நின்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. சோடாவைச் சரியாக அலசவில்லை. சோடா பட்டால் மஞ்சள் சிவக்கும். இதையே எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் செய்துகாட்டி, "இதுல அதிசயம் ஒண்ணும் கிடையாது, எவன் சொன்னாலும் ஏமாறாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். விளக்க வாயைத் திறந்தேன்.

"மஞ்சள் குங்குமமா மாறியிருக்கு! ஸ்ரீரங்கம் தாயாரே ஆசீர்வாதம் பண்ணிட்டா!" என்று பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் சம்பந்தி அம்மாள்.

திறந்த வாயில் என் பெண் ஒரு கரண்டி கேசரியைத் திணித்தாள்.

"எங்க பக்கத்துக்கும் ஐம்பது வேணும். எல்லாம் இப்படியே சிவக்கணும்."

"இது மரமே வெட்டாம செஞ்ச…" என்றேன், விழுங்கிவிட்டு.

"அதெல்லாம் இருக்கட்டும் சம்பந்தி."

மறுநாள் மாடியில் வெந்த பாசியை அலசிக்கொண்டிருந்தேன். பெண் வந்து குழாயை மூடினாள்.

"போதும்பா, ரொம்ப அலசாதீங்க."

எட்டாம் வகுப்பில் மஞ்சள் ஏன் சிவக்கிறது என்ற கேள்விக்கு அவளுக்கு முழு மதிப்பெண் போட்டவன் நானேதான்.