லாரிக்கு ஒரு துணை

பாலகோபாலுக்குக் கோவை கணபதிப் பகுதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை. இரும்பு வார்ப்படங்களைச் சின்னச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருஷக்கணக்காக இதையே செய்து, மனுஷருக்கு உலகத்தில் எல்லாவற்றிலும் விரிசல் இருப்பதாகவே தோன்ற ஆரம்பித்துவிட்டது. காந்திபுரத்தில் நான் நடத்திய வீடியோ கேம் கடைக்கு வந்தால் டோக்கனைக்கூட மேஜையில் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றொன்பதில் வந்த சண்டை மெஷினில் பக்கத்துக்கு இரண்டு பேர் ஆடலாம். ஒருவருடைய ஆள் சண்டை போடும்போது மற்றவருடைய ஆள் வெளியே நின்று இளைப்பாறுவான். அவன் உள்ளே வர, அவனை ஆட்டுகிறவரே தன் பட்டனை அமுக்க வேண்டும். பாலகோபால் எப்போதும் ஒரு தடியனைத்தான் எடுப்பார். கையில் சிக்கினால் எதிராளிக்குப் பாதி உயிர் போய்விடும். நடைதான் ஆமை நடை. கடையில் எல்லோரும் அவனை லாரி என்போம். கூட ஆடுகிறவரையும் இன்னொரு தடியனையே எடுக்கச் சொல்வார். இரண்டு தடியன்களும் கிட்டே போவதற்குள் அடிவாங்கியே விழுவார்கள்.

பீளமேட்டுக் கல்லூரி மாணவர்கள் இருவர் அவரை மாதக்கணக்கில் தோற்கடித்து வந்தார்கள். ஒரே ஒரு முறையாவது அவர்களை ஜெயித்துவிட வேண்டும் என்று மனுஷர் தவித்தார். பரீட்சை முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பும் ஞாயிறும் வந்துவிட்டது.

"ஏனுங்க, தூரத்துல நின்னு நெருப்பு வீசறவனைத் துணைக்கு வெச்சுக்கங்க. அவங்க தடுத்துட்டு நிக்கறப்ப லாரி உள்ள வந்து புடிச்சுபோடலாமுங்க" என்றேன்.

"இதுல உங்களுக்கு என்னங்க லாபம்?" என்றார்.

அப்படி நெருப்பு வீசுகிற ஒல்லியானவனை நன்றாக ஆடத் தெரிந்தவர் கோட்டைமேட்டு டெய்லர் ஜாவித். நான் கேட்டதும் சரி என்றார். உடனே சரி என்றதே பாலகோபாலுக்குச் சந்தேகம். என்னைத் தனியே இழுத்துப் போனார்.

"நேத்து அந்தப் பசங்களோட டீ குடிச்சுட்டு இருந்தாருங்க. அவங்க ஆளா இருந்தா?"

"டீ குடிச்சா ஆளாயிருவாங்களா?" என்று எரிந்து விழுந்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஜாவித் முதலில் இறங்கி எதிரிகளில் ஒருவனைச் சாய்த்துவிட்டார். மிச்சம் ஒருவன். அவனையும் மூலையில் நிறுத்தி நெருப்பு மேல் நெருப்பாக வீசினார். அவனால் தடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

"இப்ப வாங்கண்ணா" என்றார் ஜாவித்.

பாலகோபாலின் விரல் பட்டன்மேல்தான் இருந்தது. ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை; ஜாவித்தின் முகத்தைப் பார்த்தார்.

"வாங்கண்ணா, சீக்கிரம்."

இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் எதிராளி தாவி வந்து ஒல்லியானவனைச் சாய்த்துவிட்டான். பிறகு லாரி முழு உயிரோடு, தனியாக, மெதுவாக நடந்து வந்து அடிவாங்கி விழுந்தது.

மாணவர்கள் கைகொடுத்துவிட்டு ஈரோடு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

"பட்டன் வேலை செய்யலைங்க" என்றார் பாலகோபால்.

நான் ஒரு டோக்கனைப் போட்டு, லாரியை மறுபடி வெளியே நிறுத்திவிட்டு, அவருடைய பட்டனை அமுக்கினேன். லாரி உடனே உள்ளே குதித்தது.

அவர் ஜாவித் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "நெசமாவே என்னைத்தான் கூப்பிட்டீங்களா?"

"நம்ம பக்கத்துல உங்களை உட்டா வேற ஆளே இல்லைங்களேண்ணா" என்றார் ஜாவித்.