மூன்று நாள் வராதவர்கள்

கோழித் தொழிற்சாலை வாசலில் வியாழக்கிழமைதோறும் அடுத்த வார ஷிப்ட் பட்டியலை ஒட்டுவார்கள். ஊழியர்களுக்கு முன்பே அங்கே நின்று, குட்டைப் பென்சிலால் நோட்டில் அதை நகலெடுப்பார் ரோசலிண்ட் பிக்கெரிங். மழை வந்தால் நோட்டைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு தான் நனைவார். எங்கள் டாண்டினாங் நகரில் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய பெரியவர்களுக்கு அரசு நடத்தும் இலவச ஆங்கில வகுப்புகளுக்கு விதி எழுதும் அலுவலகத்தில் அவருக்கு வேலை.

"என்னக்கா, லைன்ல ஒரு இடம் காலியா இருக்கு. கோழி வெட்ட வர்றீங்களா?" என்பாள் அங்கே வேலை பார்க்கும் அபுக்.

"என் வேகத்துக்குக் கோழியே எழுந்து வீட்டுக்குப் போயிடும்மா!"

நான் படித்தது மூன்றாம் வகுப்புவரைதான். அகதியாகப் படகில் வந்து இறங்கிய எனக்கு இன்று மூன்று லாரிகள். மூன்றிலும் குவாச் என்ற என் பெயர் ஆள் உயரத்துக்கு இருக்கும். ரோசலிண்டிடம் சொன்னேன்: "வகுப்பெல்லாம் சோம்பேறிங்களுக்கும்மா. திட்டு வாங்கியே இங்கிலீஷ் கத்துக்கிட்டவன் நான். என்னைப் பாருங்க."

"பார்த்துட்டேன். உங்க வீட்டம்மா எங்க?"

என் மனைவி லியென் உள்ளே கோழி பொதிந்துகொண்டிருந்தாள், இருபத்தாறு வருடமாக.

தொடர்ந்து மூன்று வகுப்புக்கு வராதவரை 'ஆர்வமில்லை' என்று எழுதி நீக்கிவிடுவது விதி. லியெனை இரண்டு முறை நீக்கிவிட்டார்கள். இன்னொரு முறை நீக்கினால் மறுபடி சேரவே முடியாது. ரோசலிண்ட் ஒரு வருடப் பட்டியல்களை வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் விரித்துப் பார்த்தார். அவள் வராத நாளெல்லாம் ஷிப்ட் மாறிய நாள். "ஆர்வம் இல்லாம இல்ல சார், கோழி விடல" என்றாராம் மேலதிகாரியிடம்.

அந்த விதி இன்று இல்லை. நன்றிக்கு ஒரு பெட்டி டிராகன் பழம் அனுப்பினேன். அதிகாரி வாங்கக் கூடாது என்று, வகுப்பிலேயே வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். ஆனால் பழத்தில் தீருகிற கடனா அது?

விதியை நீக்கலாமா என்று கமிட்டி கூடிய நாளில் என்னையும் லியெனையும் அவர்தான் அழைத்துப் போனார். தலைவர் லியெனிடம் கேட்டார்: "இந்த வகுப்பு உங்களுக்கு எதுக்கும்மா?"

அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ காகிதத்தைப் புரட்டினார்கள். என்னிடம் அருமையான பதில் இருந்தது, வாயைத் திறந்தேன். ரோசலிண்ட் என் பக்கம் திரும்பாமலே, எனக்கு நேரே உள்ளங்கையை உயர்த்தினார்.

"டாக்டர்... என்னைக் கேக்குறார்," என்றாள் லியென், ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகத் தேடி. "இவர் பதில் சொல்றார். வலி... எனக்கு."

அவள் முடிக்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை.