நூற்று முப்பத்தெட்டு எடுத்தும் ஃபெயில்

போன சனிக்கிழமை காலை, காய்ந்து வெடித்த ஓர் ஏரியின் நடுவில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். குடை எனக்கில்லை. ஃபயர் சூட், ஹெல்மெட், பெல்ட் எல்லாம் மாட்டிக் காருக்குள் வெந்துகொண்டிருந்த என் நண்பன் செந்திலுக்கு. இதற்காகக் கலிஃபோர்னியாவில் நாங்கள் குடியிருக்கும் சன்னிவேலிலிருந்து ஏழு மணி நேரம் பயணம். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தவிர வேறு லட்சியம் இல்லாத எனக்கு இது தேவைதானா?

செந்தில் கோயம்புத்தூரில் என்னோடு இன்ஜினியரிங் படித்தவன். இப்போது எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறான். பகலில் சாஃப்ட்வேர். மற்ற நேரமெல்லாம் கராஜில் ஹாட் ராட்.

அது என்ன என்கிறீர்களா? அந்தக் காலத்து அமெரிக்க இளைஞர்கள் பழைய காரை வாங்குவார்கள். மட்கார்டு, பம்பர், கண்ணாடி என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டுப் பெரிய இன்ஜினை ஏற்றுவார்கள். இந்த மாதிரி காய்ந்த ஏரிக்குக் கொண்டுவந்து நேர்கோட்டில் விரட்டுவார்கள். எதிராளி கிடையாது, வளைவு கிடையாது. எவ்வளவு வேகம் போனாய் — அது ஒன்றுதான் கேள்வி. அந்தக் கார்கள் இப்போது மியூசியத்தில் இருக்கின்றன. அதனால் செந்தில் மாதிரி ஆட்கள் பழைய காரைப் புதிதாகச் செய்கிறார்கள். ஃபைபர்கிளாஸில் முப்பதுகளின் பாடி, காயலான் கடையில் எடுத்த இன்ஜின், ஓட்டுபவரைச் சுற்றி இந்தக் காலத்து இரும்புக் கூண்டு.

செய்து முடிக்க மூன்று வருடம். மூன்று வருடமும் அவன் மனைவி கவிதாவின் கார் மழையிலும் வெயிலிலும் தெருவில் நின்றது. கடைசியில் செந்திலே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "இந்த சீசன் கடைசி ரேஸ்ல லைசன்ஸ் வாங்கலன்னா வண்டிய வித்துடறேன். கராஜ் உனக்கு." கவிதா அதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

லைசன்ஸ் என்றால் சும்மா இல்லை. புதிதாக வருபவர்கள் எடுத்த எடுப்பில் பறக்க முடியாது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். முதல் படியில் மணிக்கு நூறு மைலுக்குக் குறையக் கூடாது, நூற்று இருபத்தைந்தைத் தாண்டவும் கூடாது. காரில் ஸ்பீடாமீட்டர் கிடையாது. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டயல் மட்டும்தான். எத்தனை சுற்றுக்கு எத்தனை மைல் என்று கலர் கலராக அட்டவணை போட்டுப் பக்கத்தில் ஒட்டியிருந்தான் செந்தில்.

கொடி அசைந்தது. நான் குடையோடு விலகினேன். அப்புறம் புழுதிதான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது அவனுக்கு முகமெல்லாம் பல். வைக்கோல் தொப்பி போட்ட அதிகாரி, எழுபது வயதிருக்கும், சீட்டை நீட்டினார். நூற்று முப்பத்தெட்டு.

"சாரி, நீ ஃபெயில்," என்றார்.

பிறந்ததிலிருந்து செந்திலைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை அது. "பட் சார்... ஐ வென்ட் மோர்," என்றான்.

"எக்ஸாக்ட்லி," என்றார் பெரியவர்.

எங்களோடு வந்திருந்த கவிதா அவனை நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "சார்ட் போட்டது நீங்கதானே? ஸ்பீடு எவ்ளோன்னு தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"பாஸ் மார்க் நூறுன்னா, கரெக்டா நூறு எடுத்தா எப்படி? கொஞ்சம் மேல இருந்தாதானே சேஃப்?"

"நூத்தி இருபத்தஞ்சுக்கு மேல போகக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"அது மத்தவங்களுக்குன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆச்சரியமில்லை. ஏழு கேள்வியில் ஏதாவது ஐந்துக்கு விடை எழுதச் சொன்னால், ஏழையும் எழுதிவிட்டு அடிஷனல் ஷீட்டுக்குக் கை தூக்குகிறவன் அவன். அவன் மட்டுமா? விசா இன்டர்வியூவுக்கு ஒரு பேப்பர் கேட்டால் நாற்பது பேப்பர் ஃபைலோடு போய் நிற்பவர்கள்தானே நாமெல்லாம்? கேட்டது போதும், அதற்கு மேல் வேண்டாம் என்று நமக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா?

பெரியவர் இரக்கப்பட்டு மூன்று மணிக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். அதிலும் தவறினால் வண்டி போச்சு. கவிதா கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தைச் செந்தில் தொடவில்லை. மூன்று டப்பாவையும் நான்தான் காலி செய்தேன்.

சாப்பிட்டு நிமிர்ந்தால், கவிதா காருக்குள் குனிந்து டயலில் எல்லையைத் தாண்டும் பகுதியை நீல நிற டேப்பால் மறைத்துக்கொண்டிருந்தாள். "முள்ளு டேப்புக்கு அடியில போச்சுன்னா கால எடுத்துடுங்க. வேற ஒண்ணும் யோசிக்காதீங்க," என்றாள் அவனிடம்.

அவன் ஹெல்மெட் எடுக்கப் போனதும் மெதுவாகக் கேட்டேன். "ஏன் கவிதா, அவன் ஃபெயிலானா கராஜ் உனக்குத்தானே?"

"மூணு வருஷமா இந்த வண்டியப் பத்தியே பேசறாரு. வித்துட்டா, வித்ததப் பத்தி முப்பது வருஷம் பேசுவாரு. அதக் கேக்க என்னால முடியாது."

இரண்டாவது ஓட்டம் நூற்றுப் பதினான்கு. பாஸ்.

செந்தில் சீட்டை மூன்று முறை படித்தான். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். புழுதி என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று வருடம் ஒருவன் எண்ணெய்க் கையோடு திரிந்ததைப் பார்த்தவனுக்கு அழுகை வராமல் என்ன செய்யும்?

ஐந்தரை மணிக்கு வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தோம். கவிதா அந்தச் சீட்டைப் படம் எடுத்து ஃபேமிலி க்ரூப்பில் போட்டாள். 'நூத்திப் பதினாலு. அவர் பாஸ்.' ஈரோட்டில் அப்போது காலை ஆறு மணி. செந்திலின் அப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், காப்பி குடித்து முடித்திருப்பார் போலிருக்கிறது. ஒரே நிமிடத்தில் பதில் வந்தது.

'சந்தோஷம். மத்த பசங்க எல்லாம் எவ்வளவு?'