பதினான்கு கைகளும் ஒரு பிரஷும்

றபீக் நானாவின் பற்களைப் பறித்தது நாங்கள் ஏழு பேர். நோய் பறித்தது, வயது பறித்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவருக்கு நாற்பத்தாறு வயதுதான். அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி, அண்ணன் முறையில் அவரை நானா என்று கூப்பிட்டவள். அவரைத் தெரிந்த எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பொறுமையை யார் சோதித்தார்கள் என்பதையும் யாராவது எழுத வேண்டும்.

செய்தி வந்தபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். விடிகாலையில் வேறென்ன செய்துகொண்டிருப்பேன். உப்புக்குளத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கிணற்றடியில், வாளிக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் அடித்தது. அவருடைய மனைவி சிஹானா அக்கா.

"தங்கச்சி, நானா மௌத்தாகிட்டார்."

வாய் நிறைய நுரை. துப்பாமல் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மரணச் செய்திக்கு நான் முதலில் செய்த காரியம் துப்பியதுதான்.

"எப்ப அக்கா?"

"சுபஹுக்குப் பாங்கு சொல்ல முந்தி. ஆஸ்பத்திரியிலேயே. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வாறீங்கதானே?"

"ஓம் அக்கா, வாறன்."

போனை வைத்துவிட்டு வாயைக் கொப்பளித்தேன், பிரஷைக் கழுவினேன், கோப்பையில் நிறுத்தி வைத்தேன். அதன் பிறகுதான் என் விரல்கள் இவ்வளவையும் என்னைக் கேட்காமலே செய்து முடித்திருப்பதைக் கவனித்தேன்.

உங்களில் பலருக்கு அவர் ஒரு குரல். எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் மன்னார் அலுவலகத்துக்குப் போன் எடுத்தால், "சலாம், வணக்கம், சொல்லுங்கோ" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வாரே, அந்தக் குரல். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, விரல் முட்டியால் இலக்கங்களை அழுத்துவார். அதற்கு முன்னர் அவர் கடலட்டை பிடிக்கும் சுழியோடி. ஒருநாள் நான்காவது தடவையாகவும் அவரைக் கீழே இறக்கினார் முதலாளி. ஆழத்தில் சிலிண்டரில் காற்று முடிந்தது. மெல்ல மெல்லத்தான் மேலே ஏற வேண்டும், அதற்கு அவகாசமில்லை. இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் அடைத்து, ஒரு கால் இழுபட்டது, பத்து விரல்களும் அரைவாசி மடங்கியபடியே நின்றுவிட்டன. முதலாளி ஒரு பை அப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்துபோனார். அந்த அப்பிளைக் கையில் பிடித்துக் கடிக்க இவரால் முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது அந்த முதலாளியிடம் இன்னும் இரண்டு படகுகள் இருக்கின்றன.

"கடலுக்குக் கீழ கையும் காலும் சும்மா தங்கச்சி," என்று நானா சொல்வார். "காத்துக் குழாயைக் கடிச்சுக்கொண்டிருக்கிற பல்லுத்தான் ஆளைக் காப்பாத்தும். கடி விட்டா ஆள் முடிஞ்சுது." அதனால்தானோ என்னவோ, உடம்பில் மிச்சமிருந்த எதையும் விட அவர் பற்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் கொழும்பில் ஒரு பெரிய கடையின் தட்டில் மின்சாரப் பல் பிரஷ்களைப் பார்த்தேன். திரும்பி வரும் பஸ்ஸிலேயே முகநூலில் எழுதினேன். எங்கள் கரையில் குடிதண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறார்கள், இங்கே துரைமாருக்குப் பல் விளக்கவும் மெஷின், கையை ஆட்டினால் கை வலிக்குமாம், என்று. பலர் பகிர்ந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் நானா என் மேசைக்கு முன்னால் கதிரையை முழங்காலால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா எழுதியிருக்கிறீங்க. ஆனா கை இருக்கிறவனைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீங்க."

பிறகு கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மச்சானைப் பற்றிச் சொன்னார். மச்சானிடம் அந்த பிரஷ் இருந்தது. புதிய தலையொன்றை மாட்டி இரண்டு நாள் இவருக்குக் கொடுத்திருக்கிறார். பிடி தடிப்பு. இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் நெரித்துக்கொள்ளலாம். பொத்தானைத் தொட்டியின் விளிம்பில் அழுத்தினால் போதும்.

"சாதாரண பிரஷை நாங்க ஆட்ட வேணும். இது தானா ஆடும். நான் பிடிச்சாப் போதும், மிச்சத்துக்குத் தலையைத் திருப்புவன். ஆறு வருசத்துக்குப் பிறகு என்ர கடவாய்ப் பல்லை நானே விளக்கினனான். கண்ணாடியில பார்க்க மாடு அசை போடுற மாதிரித்தான் இருந்தது. பரவாயில்லை, சொந்தமா அசை போடுற மாடு."

"பிறகேன் நானா திருப்பிக் குடுத்தீங்கள்?"

"நான் ஆசையாப் பார்த்தா மச்சான் மரியாதைக்குத் தந்திருப்பான். அவன் வாயைத் திறக்க முந்தி நான் மரியாதைக்குக் குடுத்திட்டன்."

நானும் சேர்ந்து சிரித்தேன். பதிவை அழிக்கவில்லை. திருத்தவும் இல்லை.

அந்த வருடம் உதவிப்பொருள் பட்டியல் தயாரித்தபோது, ஒவ்வொரு உறுப்பினரும் தமக்குத் தேவையான ஒன்றைச் சொல்லலாம் என்றோம். நானா சொன்னது இது: கைவிரல் வேலை செய்யாதவர்களுக்குக் கரண்ட் பிரஷ். தனக்கு மட்டுமில்லை. ஓலைத்தொடுவாயில் பாரிசவாதத்தில் விழுந்த பிலோமினா அக்காவின் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

தெரிவுக்குழுவில் நாங்கள் ஏழு பேர். தலைவருக்கு யுத்தத்தில் ஒரு கால் போனது. இன்னொருவருக்கு ஒரு கண் இல்லை. வேறொருவர் சக்கர நாற்காலியில் வருபவர். இல்லாமை என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை என்று நினைத்திருந்தோம். ஆனால் ஏழு பேரின் பதினான்கு கைகளும் நன்றாக வேலை செய்தன.

விளக்கம் சொல்ல நானாவைக் கூப்பிட்டோம்.

"றபீக், எல்லாருக்கும் ஒரே சாமான் குடுத்தாத்தான் சண்டை வராது," என்றார் தலைவர்.

"எல்லாருக்கும் ஒரே செருப்புக் குடுப்பீங்களோ ஐயா? உங்களுக்கு ஒண்டு போதுமே."

தலைவரே சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "உங்கட ஆக்களுக்கு மிஸ்வாக் குச்சி இருக்குத்தானே, அதால தேய்க்கலாமே," என்றார்.

"அதுக்கும் விரல் வேணும்."

"அது சரி, கரண்ட் பிரஷ் குடுக்கிற படத்தைப் போட்டா, காசு தாற ஆக்கள் என்ன நினைப்பினம்? மன்னாரில இவ்வளவு வசதியோ எண்டு கேப்பினம்." இது தலைவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சியே எழுதினவதானே, துரைமாரின்ர சாமான் எண்டு. சொல்லும் பிள்ளை, கரண்ட் பிரஷ் ஆருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானாவும் பார்த்தார். அவருடைய பார்வையில் கெஞ்சல் எதுவும் இருக்கவில்லை. இவளுக்குத்தான் தெரியுமே என்ற நிம்மதி இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை விட மாட்டேன் என்கிறது.

"பொதுவாப் பார்த்தா ஆடம்பரம்தான்," என்றேன்.

பேனை என் கையில்தான் இருந்தது. அவருடைய வரியை நான்தான் வெட்டினேன். அதற்கு மேலே, அழகான எழுத்தில், 'பற்தூரிகை – ஒருவருக்கு மூன்று' என்று எழுதினேன்.

பொருட்கள் கொடுத்த அன்று நானா பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு படத்துக்கு நின்றார். "மூண்டு பிரஷ் தந்திருக்கிறீங்க. பிடிக்க மூண்டு கையும் தந்தா சரி," என்றார். கமராக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். படத்தில் நாங்கள் மகிழ்ச்சியாக இருப்பது அதனால்தான்.

சில மாதங்களின் பின்னர் ஒரு படிவத்தில் கைநாட்டு வாங்குவதற்காக எருக்கலம்பிட்டியில் நானாவின் வீட்டுக்குக் காலையிலேயே போனேன். வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். முற்றத்துக் குழாயடியில் நானா குந்தியிருந்தார். சிஹானா அக்கா கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போகும் உடுப்போடு குனிந்து நின்று, ஒரு கையால் அவருடைய தாடையைப் பிடித்து, மறுகையால் எங்கள் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். முன்பற்களை மட்டும். நாலு இழுப்பு.

"உள்ளுக்கு விட்டா ஓங்காளிக்கிறார் தங்கச்சி. எனக்கு ஏழு மணி பஸ்," என்றார் அவர், நான் ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டதைப் போல. நானா என்னைப் பார்க்காமல் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா போன பிறகு, நானே ஒரு பிரஷ் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம். நீங்க வாங்கித் தந்தா அது உங்கட நல்ல மனசு. லிஸ்டில வந்தா அது என்ர பிரஷ். பிலோமினாவுக்கும் வாங்கிக் குடுப்பீங்களோ? அதுக்குப் பிறகு வாறவங்களுக்கு?" பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐந்து நேரம் தொழுகைக்கு வாய் கொப்பளிக்கிறன் தங்கச்சி. உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு நாக்குக்குத் தெரியும்."

அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன் என்று சொன்னேன். அதன் பிறகு இரண்டு கூட்டங்கள் நடந்தன. பேசவில்லை. பேச வேண்டுமானால், நான் எழுதியது பிழை என்று முதலில் சொல்ல வேண்டும். அநியாயத்தைப் பற்றி எழுதுகிறவள் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு மனிதனின் வாயை விட அந்தப் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது.

பின்பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு முன்னாலும் இரண்டு. போனில் பேசும்போது சொற்கள் காற்றாக வழுக்கின. லைன் கிளியர் இல்லை என்று ஒருவர் சத்தம் போட்டபோது, "லைன் நல்லாத்தான் இருக்கு, பல்லுத்தான் கட்டாகிப் போச்சு," என்றார். சிரிப்பு வரும்போது நாமெல்லாம் கையால் வாயைப் பொத்துவோம். அவரால் அது முடியாது. அதனால் சுவரின் பக்கம் திரும்பிச் சிரிக்கப் பழகினார். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தார். இதற்குப் பல்தான் காரணமா என்று டொக்டரிடம் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அந்தப் பெண். ஆனால் வாயில் கிடக்கும் கிருமி நெஞ்சுக்கும் இறங்கலாம் என்று சொல்லிவிட்டு, "வீட்டில ஆர் பல்லு விளக்கி விடுறது?" என்று கேட்டார்.

நானாவின் கட்டிலருகில் போய்க் குனிந்தேன். "லிஸ்ட் என்னாச்சு?" என்றார்.

"அடுத்த கூட்டத்தில நானா."

"அப்ப அதுவரைக்கும் நான் இருக்கோணும்."

இருக்கவில்லை.

அடக்கத்தன்று சிஹானா அக்கா என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டு, உறை உடைக்காத இரண்டு பிரஷ்களைத் தந்தார். "ஒண்டைத்தான் உடைச்சோம். இதை வேற ஆருக்கும் குடுங்க, கை உள்ள ஆருக்கும்." அவர் கோபத்தில் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு பிரஷ்களையும் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தில் வரி வெட்டப்பட்ட பட்டியலையும் வைத்திருக்கிறேன். நானாவின் சொல் ஒன்றையும் வைத்திருக்கிறேன்: கை இருக்கிறவனைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீங்க. இனி எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தச் சொல்தான் எனக்கு முன்னால் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்காரும்.

போன கூட்டத்தில் எழுந்து நின்று, நான் அன்று சொன்னது பிழை என்றேன். கரண்ட் பிரஷைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப றபீக் இல்லைத்தானே பிள்ளை," என்றார் மிகவும் அன்பாக. பிறகு தேநீர் வந்தது.

அன்று மாலை குழுவின் வட்சப்பில் எழுதினேன். ஆறு பேரும் பார்த்துவிட்டதாகப் போன் காட்டுகிறது. இன்றைக்கு ஒன்பதாவது நாள். எழுதியதையே இங்கேயும் எழுதுகிறேன், அவரைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால்:

ஓலைத்தொடுவாய் பிலோமினா அக்கா உயிரோடு இருக்கிறார். அவருடைய விரல்களும் மூடுவதில்லை. அவருடைய பற்கள் இன்னும் இருக்கின்றன. பட்டியலில் அந்த வரியைத் திரும்ப எழுதுங்கோ. எப்போது எழுதுவீர்கள்?