இரைப்பை கிடையாதாம்

செம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் என் ஆபீஸ். விலங்குகளைப் பற்றிய ஆங்கில டிவி படங்களுக்கு அங்கே உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். புலி, யானை என்றால் சிரமமில்லை. ஒரு தடவை பிளாட்டிபஸ் வந்தது. அகராதியைப் புரட்டி 'வாத்தலகி' என்று எழுதி அனுப்பினேன். டப்பிங் கம்பெனியில் அது யாருக்கும் புரியவில்லை; பிளாட்டிபஸ் என்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வழக்கமாகக் குரல் கொடுப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், அந்த வாரம் தாராவியிலிருந்து ஒரு புது ஆளை வரவழைத்தார்கள். ஐம்பது வயதிருக்கும். இட்லி மாவு அரைத்து விற்கும் கடைக்காரர். கோயில் கொடைத் திருவிழா வந்தால் மைக்கில் அறிவிப்பும் அவர்தான். திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்ததும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். அப்படி ஒரு கனமான குரல். செருப்பைக் காணவில்லை என்று அவர் அறிவித்தால்கூடத் தெருவே எழுந்து தேடும்.

ரெக்கார்டிங் செய்தவர் மராத்திக்காரர். தமிழ் தெரியாது. திரையில் காட்சி மாறுவதற்குள் வாக்கியம் முடிகிறதா என்பது மட்டும்தான் அவர் கவலை. வாசிப்பதைச் சரிபார்க்க நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் பாதி சுகமாகப் போனது. பிளாட்டிபஸ் தண்ணீருக்குள் கண், காது, மூக்கு எல்லாவற்றையும் மூடிக்கொள்கிறது; புழுவின் உடம்பிலிருந்தும் இறாலின் உடம்பிலிருந்தும் கசியும் மெல்லிய மின்சாரத்தை அலகால் உணர்ந்து பிடிக்கிறது. இந்த இடத்தில் கரண்டா என்று அண்ணாச்சி கேட்டார். ஆமாம் என்றேன். வாசித்துவிட்டார். பிடித்ததைக் கன்னத்துப் பைகளில் அடைத்துக்கொண்டு அது மேலே வருகிறது. வளர்ந்த பிளாட்டிபஸுக்குப் பல் இல்லை. அதனால் இரையோடு அள்ளிய பொடிக் கற்களையும் சேர்த்து, வாய்க்குள் இருக்கும் தடித்த தட்டுகளுக்கு நடுவே வைத்து அரைக்கிறது. அண்ணாச்சி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரின் வேலையை எடைபோடுவது போலப் பார்த்தார்.

"கல்லு போட்டுல்லா அரைக்கி," என்றார். "சரியாத்தான் செய்யுது."

அடுத்த வாக்கியம் இது: 'பிளாட்டிபஸுக்கு இரைப்பை கிடையாது. உணவு தொண்டையிலிருந்து நேராகக் குடலுக்குப் போகிறது.' இரைப்பை என்றால் என்ன என்று கேட்டார். வயிறுதான் என்றேன். கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தார். பிறகு கணீரென்று வாசித்தார்: "பிளாட்டிபஸுக்கு இரைப்பை கிடையாதாம். உணவு நேராகக் குடலுக்குப் போகிறதாம்."

மராத்திக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். நான் நிறுத்தச் சொன்னேன். மறுபடி வாசித்தார், மறுபடி 'ஆம்'. மூன்றாவது தடவை 'என்று சொல்லுகிறார்கள்' என்பதும் சேர்ந்துகொண்டது.

"நான் பாத்தேனா மேடம்? பாக்காததுக்கு நான் எப்படி ஜவாப் சொல்ல? நாளைக்குக் கடைக்கு வாறவன் என்னையத்தான கேப்பான்."

மின்சாரத்தை மட்டும் பார்த்தீர்களா என்று கேட்டேன். கரண்டு எங்கேயும் இருக்கும், அது வேறு விஷயம் என்றார்.

"இவ்வளவு நைசா அரைச்சு, பிறவு எங்கன கொண்டு போடும்? வயிறே இல்லேன்னா பசி எங்க எடுக்கும்?"

என்ன தகராறு என்று மராத்திக்காரர் கேட்டதால் இந்தியில் விளக்கினேன். அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேள்வியை இந்தியில் கேட்டார். இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டுடியோ நேரம் முடிந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

டிராம்பேயில் வேலை முடிந்து வந்த என் கணவரிடம் சாப்பிடும்போது கேட்டேன். பசியெல்லாம் மூளையில்தான் தெரியும், வயிற்றில் இல்லை என்றார். உதாரணத்துக்குத் தன்னையே சொன்னார்: வயிறு நிறையத் தயிர் சாதம் சாப்பிட்ட பிறகும் பஜ்ஜியைப் பார்த்தால் பசிக்கிறதே. வீட்டில் பஜ்ஜி இல்லாததால் முறுக்கு டப்பாவைத் திறந்தார்.

மறுநாள் அதை அப்படியே அண்ணாச்சியிடம் சொன்னேன். யோசித்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"அப்போ வயிறு நெறைஞ்சுதுன்னு அதுக்கு ஒருநாளும் தோணாதுல்லா, மேடம்?"

இருக்கலாம் என்று சொல்லிவைத்தேன். இந்தத் தடவை 'கிடையாது' என்றே வாசித்தார். ஆனால் துக்க அறிவிப்புக்கு உரிய குரலில் வாசித்தார். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டேன். நேரம் கச்சிதம் என்று மராத்திக்காரர் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

படம் டிவியில் வந்தது. கோபர்கைரனேயில் இருக்கும் என் அக்கா உடனே போன் செய்து, அந்தப் பிராணியை யாராவது டாக்டரிடம் காட்டினார்களா என்று கேட்டாள். அதற்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தின்கிறது என்று எவ்வளவோ சொன்னேன். அவள் சமாதானமாகவில்லை.

கம்பெனிக்கு அண்ணாச்சியின் வாசிப்பு பிடித்துப்போயிற்று. இப்போது எல்லாப் படத்துக்கும் அவர்தான். போன வாரம் ஜெல்லிமீனுக்கு மூளை கிடையாது என்று எழுதியிருந்தேன். பாதி நாள் இதிலேயே போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரே டேக்கில் வாசித்து முடித்தார். அப்படிப் பல பேரைத் தமக்குத் தெரியும் என்றார்.