குறைத்துப் போட்ட மருந்து

புலம்பெயர்ந்து வந்த ஊரின் லிபெர்த்தா வீதியில் நான் பராமரித்து வந்த முதியவரிடம் ஒரு பழைய துவக்கு இருந்தது. குழாயின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைத் துணியில் சுற்றி இடிக்க வேண்டும். உட்குழாய் வழவழப்பு; குண்டு மனம்போன போக்கில் போகும். மருந்தின் சரியான அளவைத் தேடி மாதக்கணக்காகச் சுட்டுக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிறு என்னையும் துணைக்கு அழைத்தார்.

“விசரே உங்களுக்கு? வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே வன்னியிலயிருந்து ஓடி வந்தனாங்கள்?” என்றாள் மனைவி.

“வேலை போனால் பெர்மெஸ்ஸோவும், இங்க இருக்கிற அனுமதியும் போயிடுமப்பா.”

மலையடிவாரச் சுடுதளத்தில், முதல் வெடிக்கே நான் மண்ணில் குப்புறக் கிடந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

முதியவர் குனிந்து, “சத்தமா?” என்றார். தலையசைத்தேன். அவர் மருந்தைப் பாதியாகக் குறைத்தார்.

“அது குறி அட்டைவரைகூடப் போகாது, ஐயா!” என்றார் ஒருவர்.

“போகாவிட்டால் போகட்டும். இவர் எழுந்து நிற்கட்டும்.”

இம்முறை வெடி, யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோல்தான் கேட்டது. எழுந்தவன் விழாமல் நின்றேன். அவர் சுடச்சுட நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அட்டையை எடுத்துவரப் போனேன். அதுவரை அட்டையெங்கும் சிதறிய குண்டுகள், என் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்தில் துளைகளாய்க் கூடியிருந்தன. தேடிய அளவு கிடைத்த மகிழ்ச்சியில் முதியவர் என்னைக் கட்டிக்கொண்டு கூத்தாடினார்.

“விழுந்தனீங்களே?” என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

“ஓம். பிறகு எழும்பினனான். வாற ஞாயிறும் போறன்.”

வெடி என்றால் ஒளிய இடம் தேடுவதுதான் என்றிருந்தேன். எனக்காக ஒருவர் தன் வெடியைச் சின்னதாக்கிய நாளும் இனி என் வாழ்க்கையில் உண்டு.